மேளக்காரர் தொடாத வடம்

"ஒரு புற்றுச் செல்லைக்கூடக் கொல்லாத ஊசி எதுக்கு மேடம்?"

கேட்டவர் டாக்டர் அருமைநாயகம். வயது ஐம்பத்தாறு. புற்றுநோய் வைத்தியம் கற்றுக்கொள்ள இந்த வயதில் வந்து சேர்ந்தவர். குரு டாக்டர் செண்பகவல்லிக்கு முப்பத்தெட்டு. சீடருக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் படுத்திருப்பது மாசானம் ஆயிற்றே, கூச்சம் பார்த்தால் நடக்குமா?

மாசானம் அருமைநாயகம் வேலை பார்த்த ஊர் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். கழுத்தில் நிணநீர்ச் சுரப்பிப் புற்று. நாலு தடவை கீமோ ஏற்றியாயிற்று. கட்டி பாதி கரைந்து அப்படியே நின்றுவிட்டது. சட்டையின் மேல் பொத்தானை மாட்ட முடியவில்லை.

கீமோவோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்புகிற ஊசியையும் எழுதியிருந்தார் செண்பகவல்லி.

"கீமோவையே கூட்டிரலாமே?" என்றார் சீடர். "அவன் எனக்கு வேணும் மேடம்."

குரு எழுந்து செருப்பை மாட்டினார்.

"வாங்க அண்ணாச்சி."

வெளியே தேரோட்டம். தேர் தெரு முக்கில் திரும்பாமல் நின்றிருந்தது. பின்னால் புல்டோசர் முட்டிக்கொண்டிருந்தது. முன்னால் வடம் தரையில் கிடந்தது. இழுக்க வந்த சனம் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"இன்னொரு புல்டோசர் கொண்டாரச் சொல்லட்டுமா?"

"ஐயையோ, தேர் குடை சாஞ்சிருமே."

சொன்ன பிறகுதான் சீடருக்குத் தான் கேட்ட கூடுதல் கீமோ நினைவுக்கு வந்தது.

ஓரமாக மேளக்காரர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். செண்பகவல்லி போய் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் தவிலைத் தோளில் மாட்டினார்.

அடி விழுந்தது. போன்கள் பைக்குள் போயின. ஆளாளுக்கு ஓடிவந்து வடத்தைப் பிடித்தார்கள். பின்னால் புல்டோசர் உறுமியது. தேர் அசைந்தது, முக்கு திரும்பியது.

அருமைநாயகத்துக்குப் புல்லரித்துவிட்டது. தன்னையறியாமல் கை தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மேளக்காரர் வடத்தைத் தொட்டாரா?"

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தால் சீடரைக் காணோம். ஊசி போடப் போய்விட்டார்.

மறுநாள் மாசானத்துக்குக் காய்ச்சல் கொதித்தது. ரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை, ஊசி உசுப்பிய காய்ச்சல்தான் என்று முடிவு வந்தது. அப்படியும் சீடருக்குப் பயம் விடவில்லை. கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார்.

காய்ச்சல் விட்டது. மூன்றாம் வாரம் ஒரு காலை மாசானம் கூப்பிட்டார்.

"ஐயா, இங்க பாருங்க."

மேல் பொத்தான் மாட்டியிருந்தது. காலருக்குள் ஒரு விரலை விட்டுக் காட்டினார். விரல் தாராளமாகப் போயிற்று.

ஐம்பத்தாறு வயது மனிதர் ஆஸ்பத்திரி நடையில் ஓடினார். நர்சுகள் என்னவோ ஏதோ என்று ஒதுங்கினார்கள்.

"மேடம்," மூச்சு வாங்கியது, கண்ணும் கலங்கியது. "தேர் திரும்பிருச்சு."

செண்பகவல்லி அடுத்த ஊசிக்குச் சீட்டு எழுதி நீட்டினார்.

"நிலைக்கு இன்னும் வரலை அண்ணாச்சி. மேளத்தை நிறுத்திராதீங்க."