வேட்டி காட்டிய ஓட்டை

ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் வையாபுரியாரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி. அதன் என்ஜின் அவர் உட்காரும் சீட்டுக்கு அடியில். அந்தச் சீட்டோ சோசியர் நேரம் குறித்து மாட்டியது. மஞ்சள் வியாபாரிகள் சங்கத் தேர்தலுக்கு முன்னால் அதை அசைத்தால் தலைவர் பதவி போய்விடுமாம்.

வண்டியில் என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் தண்ணி மட்டும் தினமும் குறைந்தது.

"நீதான் உறிஞ்சி விக்கறே! ஓட்டைன்னா சொல்றே? சீட்டைத் தூக்காமக் காட்டு பார்க்கலாம். இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டு நடையைக் கட்டு!" என்று டிரைவர் பாவாயியிடம் குதித்தார்.

"காட்டிட்டாப் போச்சுங்க," என்றாள் பாவாயி.

கசிகிற தண்ணி சூட்டில் காய்ந்துவிடும். மஞ்சள் கறை மறையுமா? ஒரு கை மஞ்சள்தூளை ரேடியேட்டர் தண்ணியில் கரைத்துவிட்டு, முதலாளியை ஏற்றிக்கொண்டு மேட்டிலெல்லாம் வண்டியை உறுமவிட்டாள்.

சங்கத்து வாசலில் இறங்கிய வையாபுரியார் கும்பிட்டபடி ஓட்டுக் கேட்டு நடந்தார். பின்னால் கொல்லென்று சிரிப்பு. திரும்பினார். இப்போது அந்தப் பக்கம் சிரிப்பு!

"என்ன புள்ள சிரிக்கறாங்க?"

"ஓட்டையைக் காட்டச் சொன்னீங்களே. ஊருக்கே காட்டிட்டீங்க!"

வேட்டியை இழுத்துப் பார்த்தார். வெள்ளை வேட்டியின் பின்பக்கம் பளீரென்று மஞ்சள். ஓடிப்போய்த் தன் கையாலேயே சீட்டைப் பிடுங்கினார். அடியில் விரிசல்விட்ட ஹோஸ் குழாய் சீட்டை நனைத்தபடி மஞ்சளாய்த் துப்பிக்கொண்டிருந்தது. பாவாயி ஹோஸை மாற்றினாள்.

"சரி, சீட்டை மாட்டு. போலாம்."

"சோசியரைக் கேக்காமயா? அவர் நேரம் குறிக்கற வரைக்கும் பின்னால மூட்டை மேல குந்திக்குங்க. எது மஞ்சள் மூட்டை, எது முதலாளின்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்க!"