விசாரணை மேசையில் பதினோரு பேர்

சிறிய விமான நிறுவனம் ஒன்றில் தரைப் பணிகளுக்குத் தலைவராக இருந்தார் தணிகைவேல். ஐம்பத்தோரு வயது. பயணிகளின் தகவல்களைக் காப்பது எப்படி என்று ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்க நிலோபர் என்ற பெண்ணை நிறுவனம் நியமித்திருந்தது. அவர் தணிகைவேலைவிடப் பதினெட்டு வயது இளையவர். முதல் வகுப்பிலேயே நோட்டும் பேனாவுமாக முன்வரிசையில் போய் உட்கார்ந்தார் தணிகைவேல். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அருள்செல்வி என்ற பெண், கணவனின் அடி தாங்காமல், யாருக்கும் சொல்லாமல் விமானம் ஏறினாள். இறங்கிய ஊரில், விமான நிலைய வாசலிலேயே அவன் கத்தியோடு காத்திருந்தான். எந்த விமானம், எத்தனை மணிக்கு இறங்கும் என்று முதல் நாளே நிறுவனத்திலிருந்து யாரோ அவனிடம் போனில் சொல்லியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவளுடைய தாய் அலுவலகத்துக்கு வந்தாள். அழவில்லை.

"யாரு சொன்னதுன்னு மட்டும் சொல்லுங்கய்யா. பேரு தெரிஞ்சாப் போதும்."

அவளை உட்காரவைத்துவிட்டு, தணிகைவேல் நிலோபரின் அறைக்கு வந்தார்.

"கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன் மேடம். முதல் நாள் காலைல பத்தே முக்காலுக்கு அந்தப் பொண்ணு பேரைத் தேடியிருக்காங்க. யாருன்னுதான் தெரியல. பயணிங்களுக்குப் போன்ல தகவல் சொல்ற விசாரணை மேசைல பதினோரு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு."

"வெளியாள் யாராவது உள்ள புகுந்திருக்காங்களா?"

"இல்ல. புகுந்திருந்தாக்கூடத் தேவலைன்னு தோணுது. நம்ம ஆளுங்கள்ல எவன் மேடம் அந்தப் பாவி? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நிலோபர் மேசையிலிருந்த செல்போனை எடுத்தார்.

"உங்க வீட்டம்மா இன்னைக்கு டெல்லி போறாங்கன்னு சொன்னீங்களே. பேரு?"

"பூங்கோதை. நம்ம ஃபிளைட்தான்."

நிலோபர் தன் செல்போனில் விசாரணை மேசையை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டார். கனிவான பெண் குரல் ஒன்று வணக்கம் சொன்னது.

"எங்கக்கா பூங்கோதை டெல்லி போறாங்க. போன் எடுக்க மாட்டேங்கறாங்க. ஏறிட்டாங்களான்னு பயமா இருக்கும்மா."

"பயப்படாதீங்கம்மா. ஒரு நிமிஷம்." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "ஏறிட்டாங்கம்மா. பதினாலு ஏ. ரெண்டரைக்கு இறங்கிடுவாங்க."

"கூட யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லம்மா, தனியாத்தான் போறாங்க. ஒண்ணும் கவலைப்படாதீங்க."

நிலோபர் அழைப்பைத் துண்டித்தார். தணிகைவேல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பதற்றமாக் கேக்குறவங்களைக் காக்கவைக்காதேன்னு இப்பப் போன்ல பேசுன பொண்ணுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

"நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கா."

"ஆளுக்கொரு பாஸ்வேர்டு குடுக்கணும்னு மூணு மாசம் முன்னாடியே நீங்க எழுதிக் குடுத்தீங்க. சீசன் கூட்டம் குறையட்டும்னு நான்தான் தள்ளிப்போட்டேன்."

நிலோபர் வாசல் பக்கம் திரும்பினார்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அந்தத் தாய் தெரிந்தாள். கொடுத்த தேநீரைத் தொடாமல், இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க ஒரு பேரைக் கேக்குறாங்க மேடம். என்கிட்ட எந்தப் பேரும் இல்லையே."

"உங்க பேரு இருக்குல்ல சார்."