குழுவிலகு

பாபநாசம் மலைக்குக் கீழே ஒரு சின்ன மடம். மொத்தம் ஏழு பேர். குருவின் பெயர் தில்லையம்மை. வயது முப்பத்தாறு. சீடர்களில் கடைசியாக வந்தவர் ஆவுடையப்பன். அவருக்கு அறுபத்திரண்டு. தபால்காரராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். இரண்டு பேருக்குமே அதில் கூச்சம் இல்லை.

வருகிற பௌர்ணமிக்கு ஆவுடையப்பனுக்குக் காவி கொடுப்பதாக இருந்தது. இன்னும் நாலு நாள். அதற்குள் அவருக்கு ஒரே ஒரு காரியம் முடிய வேண்டியிருந்தது. அதுதான் முடியவே மாட்டேன் என்றது.

அன்று காலையில் அம்மை தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். ஓஸ் குழாயில் ஓட்டை. பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதில் சுற்றிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் போனும் கையுமாக வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“வெளிச்சத்தை மறைக்கீங்க அண்ணாச்சி. உக்காருங்க.”

“அம்மா, விலகவே முடியல.”

“எதுல இருந்து?”

“ஈமெயில்ல இருந்து.”

அம்மை சிரிக்கவில்லை. “சொல்லுங்க” என்றார்.

ஆவுடையப்பன் சொன்னார். அவருக்கு ஒரே மகள், பூரணி. கோயம்புத்தூரில் இருக்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாரையும் சேர்த்து ‘பூலாங்குளம் வகையறா’ என்று ஒரு மெயில் குழு வைத்திருக்கிறாள். நாற்பத்து மூன்று பேர். மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் காதுகுத்து, யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, எல்லாம் அதில் வரும். அது வந்துவிட்டால் மூன்று நாளைக்கு அவரால் கண்ணை மூடி உட்கார முடிவதில்லை.

“விலக என்னென்ன செஞ்சீங்க?”

“முதல்ல, ‘என்னை இதிலிருந்து நீக்கவும்’னு பதில் போட்டேன். அது நாப்பத்திமூணு பேருக்கும் போயிருச்சு.”

“ஐயையோ.”

“அன்னைக்குப் பூரா பதில் வந்துச்சும்மா. மாமா சௌக்கியமா, சித்தப்பா அங்க சோறு எப்படின்னு. என் மச்சினன் ஒருத்தன், ‘நீக்குறதுக்கு நீரு என்ன மருவா’ன்னு கேக்கான்.”

“அப்புறம்?”

“ஸ்பேம்ல தூக்கிப் போட்டேன். அங்கேயும் வந்துச்சு.”

“ஸ்பேம்ல வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வந்திருக்கான்னு திறந்து பார்த்தேன்.”

அம்மை குனிந்து டியூபை இறுக்கினார்.

“அதுக்கப்புறம்தான் பார்த்தேன், கடுதாசிக்குக் கீழே பொடி எழுத்துல ‘குழுவிலகு’ன்னு ஒரு பட்டன். அழுத்தினேன். ‘நீங்கள் விலகிவிட்டீர்கள்’னு காட்டுச்சு. தலைக்குக் குளிச்ச மாதிரி இருந்துச்சும்மா. அடுத்த மாசம் பார்த்தா, கடுதாசி வந்து நிக்கு. மறுபடி அழுத்தினேன். மறுபடி வந்துச்சு. மூணு தடவை ஆச்சு. மெஷின்ல என்னமோ கோளாறு. தபாலா இருந்தா இந்தப் பாடே இல்ல. ‘வாங்க மறுத்தார்’னு எழுதி அனுப்புனவங்களுக்கே திருப்பிரலாம்.”

அம்மை கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“அதை யார் எழுதுவா?”

“தபால்காரன்தான். நான் எத்தனை எழுதியிருப்பேன்!”

“நீங்களா எழுதிருவீங்களா?”

“அதெப்படி? வீட்டுக்காரங்க வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லணும். சில பேர் நம்ம சைக்கிள் மணி கேட்டதும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருப்பாங்க. அதுக்கெல்லாம் மறுத்தார்னு எழுதக்கூடாது. ‘கதவு பூட்டியிருந்தது’னுதான் எழுதணும். மறுநாள் திரும்பக் கொண்டுபோகணும்.”

“மறுநாளும் சாத்தியிருந்தா?”

“திரும்பவும் போகணும். அவங்க சொல்லாம நாம முடிவு பண்ண முடியாதுல்லா.”

அம்மை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். “போனைக் குடுங்க.”

வாங்கிக் கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இது என்ன, ‘வகையறாவுக்கு நல்வரவு’ன்னு? மூணு இருக்கு. ஒண்ணுகூடத் திறக்கல.”

“அது ஏதோ விளம்பரம்மா. நல்வரவுன்னு வர்றதெல்லாம் விளம்பரம்தானே. நான் தொடவே மாட்டேன்.”

“நீங்க மூணு தடவை விலகியிருக்கீங்க. விலகுன ஒவ்வொரு நாளும் சாயந்தரம் இது வந்திருக்கு.” அம்மை முதலாவதைத் திறந்து போனை நீட்டினார். “கண்ணாடியைப் போட்டு வாசிங்க. சத்தமா.”

ஆவுடையப்பன் வாசித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடுதாசி வாசித்துக் காட்டிப் பழகிய குரல். நிறுத்தி நிதானமாக வந்தது.

“‘பூரணி உங்களைக் குழுவில் சேர்த்துள்ளார். அப்பா, தெரியாம அந்தப் பட்டன்ல கை பட்டிருக்கும்னு நினைக்கேன். திரும்பச் சேர்த்துட்டேன்.’”

“அடுத்தது.”

“‘அப்பா, மறுபடியும் கை பட்டிருச்சு போல. பரவாயில்ல. சேர்த்துட்டேன்.’”

மூன்றாவதைத் திறந்தார். முதலில் மனசுக்குள் வாசித்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு சத்தமாக வாசித்தார்.

“‘அப்பா, இது கை பட்டதில்லன்னு எனக்குத் தெரியும். மூணு தடவையா கை படும்? இருந்தாலும் சேர்த்திருக்கேன். வேண்டாம்னா எல்லாருக்கும் இல்ல, எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்க. நானே எடுத்துருதேன். முட்டி வலி எப்படி இருக்கு?’”

ஓஸ் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

“மெஷின்ல கோளாறு இல்ல அண்ணாச்சி” என்றார் அம்மை.

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

“இங்க வரும்போது மககிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

“ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்னு.”

“வந்து எத்தனை நாளாச்சு?”

“ரெண்டு வருஷம்.”

“காவி வாங்கப்போறது அவளுக்குத் தெரியுமா?”

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஒரு வரிதான் கேக்கா. எழுதிருங்க” என்றுவிட்டு அம்மை கத்தரிக்கோலை எடுத்தார்.

ஆவுடையப்பன் நெல்லிமரத்தடியில் போய் உட்கார்ந்தார். ஒரு விரலால் தட்டினார். அழித்தார். தட்டினார். சாப்பாட்டு மணி அடித்தபோதும் எழுந்து வரவில்லை. நெல்லி நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போனது. அதோடு கூடவே அவரும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்.

சாயந்தரம் அம்மை செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

“எழுதியாச்சா?”

“எழுதிட்டேன்மா. இன்னும் அனுப்பல. பெருசாப் போச்சு.”

“ஒரு வரிதானே கேட்டா.”

“முட்டி வலிக்குப் பதில் சொல்லுவோம்னு ஆரம்பிச்சேன். இங்க படி ஜாஸ்தி, அதைச் சொன்னேன். அவ அம்மா போனபிறகு அந்த வீட்டுல என்னால ஏன் இருக்க முடியலன்னு சொன்னேன். அதை அவகிட்ட இதுவரைக்கும் சொன்னதே இல்ல. ரெண்டு நாள்னு சொன்னது பொய்னு சொன்னேன். காவி விஷயத்தையும் சொல்லிட்டேன். எல்லாம் எழுதிட்டேன்.” போனைப் பார்த்தார். “வேண்டாம்ங்கிற அந்த ஒரு வரியை மட்டும் எங்க வைக்கன்னு தெரியல. எங்க வச்சாலும் இடிக்கு.”

அம்மை அடுத்த செடிக்கு நகர்ந்தார். டியூப் சுற்றிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒழுகவில்லை.

“அம்மா, பௌர்ணமிக்கு நாலே நாள்தான் இருக்கு. அந்த வரி இல்லாம எனக்குக் காவி குடுப்பீங்களா?”

“பௌர்ணமி மாசாமாசம் வரும் அண்ணாச்சி. உங்க வாசல்ல மூணு மாசமா ஆள் நிக்கு. முதல்ல போய்க் கதவைத் திறங்க.”