சோலைமட்டத்தாரின் சாக்லேட் கிடா

சோலைமட்டத்துக்காரர்கள் நாலு பேரும் எனக்கு அடுத்த தேயிலைத் தோட்டக்காரர்கள். நடுவில் ஒரு முள்வேலிதான். நான் எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் அவர்கள் ரகசியம் பேசினால்கூட எங்கள் கல்மட்டத் தோட்டம் வரைக்கும் கேட்கும், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

தலைவர் லாசர். மீசை பெரிது என்பதால் தலைவர். அடுத்தவர் மாசிலாமணி, யோசனை சொல்கிறவர். யோசனை வரப்போகிறது என்றால் மஃப்ளரைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொள்வார். மூன்றாவது குழந்தைவேலு, அவன் உட்கார்ந்த பெஞ்சில் இன்னொருவர் உட்கார முடியாது. நாலாவது பிச்சாண்டி, சாப்பிட்டுக் கை கழுவும்போதே பசிக்கிறது என்பான்.

பொங்கலுக்கு எங்கள் பக்கத்தில் கயிறு இழுக்கிற போட்டி உண்டு. ஒரு பக்கத்துக்கு நாலு பேர். நாலு பேரின் மொத்த எடை முந்நூறு கிலோவைத் தாண்டக் கூடாது. ஜெயித்தவர்களுக்கு ஒரு கிடா. வருஷா வருஷம் நாங்கள்தான் ஜெயிப்போம். போன வருஷத்துக் கிடா அன்று சாயங்காலமே கயிற்றை உருவிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. அதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

இந்த வருஷம் பரிசு கொடுக்க டவுன் சாக்லேட் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். அவரிடம் என்ன இருக்கும்? சாக்லேட்டிலேயே ஒரு கிடா செய்துவிட்டார். கொம்பு, தாடி, நாலு கால், எல்லாம் நிஜக் கிடா அளவு. உள்ளே வெறும் கூடுதான் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தினார்.

குழந்தைவேலு வழக்கம்போல உடைசல் வாங்கப் போனான். உடைசல் என்றால் கடையில் உடைந்துபோன சாக்லேட் துண்டுகள், பை கணக்கில் மலிவாகப் போடுவார்கள். மற்றவர்கள் குளிருக்கு டீ குடிப்பார்கள். இந்த நாலு பேரும் உடைசல் தின்பார்கள். அன்றைக்குக் குழந்தைவேலு உடைசல் வாங்காமலே திரும்பினான்.

"அண்ணே, ஒரு கிடா. அது என்னையே பாக்குதுண்ணே" என்றான் லாசரிடம்.

அதோடு அவனுக்குத் தூக்கம் போயிற்று. பிறந்ததிலிருந்து யாரிடமும் எதுவும் ஆசைப்பட்டுக் கேட்காதவன், அந்தக் கிடா மட்டும் வேண்டும் என்று கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டான். உள்ளதைச் சொன்னால் எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் எடை போட்டுப் பார்த்தால் நாலு பேரும் சேர்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ.

"பன்னெண்டு கிலோவை எடுத்துட்டா போதும்" என்றார் லாசர். "எங்கேயிருந்து எடுக்கறது?"

"கையிலேயிருந்து எடுக்கக்கூடாதுண்ணே. கயிறு பிடிக்க வேணும்" என்றான் பிச்சாண்டி.

"காலும் வேணும். ஊனி நிக்கணும்" என்றான் குழந்தைவேலு.

"அப்ப தலை?" என்றார் லாசர்.

எல்லோரும் யோசித்தார்கள். கயிறு இழுக்கும்போது தலையால் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை என்பது உண்மைதான். மாசிலாமணி மஃப்ளரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தலையை எடுத்துட்டா இதை எங்கே சுத்தறது?" என்றார். அந்த ஒரு காரணத்தால் நாலு தலையும் தப்பியது. டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் கனகவல்லி ரோட்டோரம் கிளினிக் வைத்திருக்கிறவர். பொறுமைசாலி. அதாவது, அன்றைக்கு வரைக்கும்.

"என்ன சாப்பிடறீங்க?"

"சாக்லேட்டுங்க."

"அது போக?"

"அது போனதும் வேற சாக்லேட் வாங்குவோமுங்க."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒரேயடியா நிறுத்துன்னா உங்களால முடியாது. ஆசை வந்தா ஒரே ஒரு துண்டு சாப்பிடுங்க. கடிக்காதீங்க, வாயில வெச்சுக் கரைய விடுங்க. மிச்சம் கண்ணுல படக்கூடாது. அப்பவும் ஆசை அடங்கலைன்னா எழுந்து நடந்துட்டு வாங்க."

நாலு புத்திமதியை ஒரே ஆள் சுமக்க முடியாது என்று லாசர் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார். ஒரே துண்டு குழந்தைவேலுக்கு. கடிக்கக் கூடாது பிச்சாண்டிக்கு. கண்ணில் படக் கூடாது லாசருக்கு. நடப்பது மாசிலாமணிக்கு. வழியெல்லாம் அவரவர் பங்கை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல். பை நிறைய உடைசல். எண்ண முடியாத அளவு துண்டு. டாக்டரம்மா சொன்னதோ ஒன்று. பையை அடுப்பில் கவிழ்த்து உருக்கினார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பிளாஸ்டிக் குழாயில் ஊற்றி, ஆறியதும் குழாயைக் கிழித்தார்கள். உள்ளே இருந்து சுவருக்குச் சுவர் நீளத்தில் ஒரே ஒரு துண்டு வந்தது. ஒரு முனையை வாயில் வைத்தால் அது பாட்டுக்குக் கரைந்து உள்ளே போகும். கடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஆனா மிச்சம் கண்ணுல படுதே" என்றார் லாசர். அவர் பங்கு அதுதானே.

ஆளுக்கு ஒரு துணியை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். இந்த முனையில் லாசர் ஆரம்பித்தார். அந்த முனையில் பிச்சாண்டி ஆரம்பித்தது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு கரைத்துக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தார்கள். லாசர் அலறியது எங்கள் வீட்டுக் கோழியை எழுப்பிவிட்டது.

"என் மீசையைக் கடிச்சுட்டான்."

"கடிக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதாண்ணே? என் பங்கே அதுதானே. அது கரையவே இல்லை, அதான் கொஞ்சம் பல்லு பட்டுச்சு" என்றான் பிச்சாண்டி.

இவ்வளவுக்குப் பிறகும் குழந்தைவேலுக்கு ஆசை அடங்கவில்லை. உடனே மாசிலாமணி தன் பங்கை எடுத்தார். எல்லோரும் எழுந்து நடந்தார்கள். நடந்தால் எங்கேயாவது போய்ச் சேரத்தானே வேண்டும்? டவுன் கடை வாசலில் போய் நின்றார்கள். குழந்தைவேலு கிடாவைப் பார்த்தான், கிடா குழந்தைவேலுவைப் பார்த்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா என்று உடைசல் வாங்கி வந்தார்கள். வந்ததும் உருக்கினார்கள். பொங்கல் நெருங்கும்வரை இதே வைத்தியம்தான் நடந்தது.

மறுபடி போனபோது டாக்டர் எடையைப் பார்த்தார். முந்நூற்றிருபது. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இனிமே எடை குறைஞ்சிருக்குன்னு என் வாயால சொல்ற வரைக்கும் சாக்லேட்டைத் தொடக்கூடாது. அந்தக் கிடாவே நடந்து வந்தாலும் தொடக்கூடாது. புரியுதா?"

புரிந்தது. குழந்தைவேலு வீட்டுக்கு வந்து தேயிலைச் சாக்கில் முகத்தைப் புதைத்து அழுதான். அந்தச் சாக்கைப் பார்த்ததும் மாசிலாமணி மஃப்ளரைக் கழற்றினார்.

"நாம இத்தனை வருஷமா இலை போடறோம். நாம கொண்டுபோன எடையை இலை வாங்கற ஏஜெண்டு என்னிக்காவது அப்படியே ஒத்துக்கிட்டிருக்காரா?"

"எங்கே ஒத்துக்கறாரு? இலை ஈரம்னு கழிப்பாரு" என்றார் லாசர்.

"சாக்குக்குக் கழிப்பாரு. காம்பு இருக்கு, இலை முத்தல்னும் கழிப்பாரு" என்றான் பிச்சாண்டி.

"போட்டிக்கு எடை போடறது யாரு?"

"அதே ஏஜெண்டு பெத்துராசுதான்."

மாசிலாமணி மஃப்ளரைத் திரும்பச் சுற்றிக்கொண்டார். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

பொங்கலன்று காலையில் நாங்கள் கல்மட்டத்தார் நாலு பேரும் குளித்து, தலை துவட்டி, காய்ந்த மனிதர்களாகப் போய் எடை நின்றோம். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. பிறகு அவர்கள் வந்தார்கள். ஓடையில் முங்கி எழுந்து, நனைந்த சாக்கில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு, நடுங்கியபடி வரிசையாக வந்தார்கள். இலைத் தராசின் கொக்கியில் ஒவ்வொருவராகத் தொங்கினார்கள். மொத்தம் முந்நூற்றைம்பது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்சம் பொறுத்துச் சிரித்திருக்கலாம்.

ஏனென்றால் பெத்துராசு வாய் தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. "ஈரத்துக்கு இருபது போச்சு. சாக்குக்குப் பத்து. காம்புக்குப் பத்து. முத்தலுக்குப் பன்னெண்டு. நிகரம் எரநூத்தித் தொண்ணூத்தெட்டு. அடுத்த ஆள்."

"யோவ், மனுசனுக்கு ஏதுய்யா காம்பு?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"முப்பது வருசமா கழிச்ச வாயிப்பா. போட்ட எடையை அப்படியே சொல்ல வராது."

"எங்களுக்கு ஏன் கழிக்கல?"

"நீங்க காய்ஞ்சு வந்தீங்க. ஈரமா வந்திருந்தா உங்களுக்கும் கழிச்சிருப்பேன்."

போட்டி ஆரம்பிக்கும்போது சாக்கைக் கழற்றச் சொன்னோம். கழித்துவிட்ட சாக்கு கணக்கில் இல்லாத சாக்கு, இல்லாததை எப்படிக் கழற்றுவது என்று மாசிலாமணி கேட்டார். நடுவருக்கு அது நியாயமாகப் பட்டது. முந்நூற்றைம்பது கிலோ ஒரு பக்கம், காய்ந்த இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது மறுபக்கம். எப்படி முடிந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். விசில் ஊதிய பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. கயிற்றை விடவே கூடாது என்று லாசர் சொல்லியிருந்தாராம். எங்களைப் பஸ் ஸ்டாப் வரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

கிடா அவர்களுக்கு. குழந்தைவேலு அதன் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். கையை நீட்டினான். லாசர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"எடை குறைஞ்சிருச்சேண்ணே, ஏஜெண்டு சொன்னாரே."

"ஏஜெண்டு வாய் வேற, டாக்டரம்மா வாய் வேற. அந்தம்மா வந்து சொல்லட்டும்."

டாக்டருக்கு ஆள் அனுப்பினார்கள். அதுவரை தொடக்கூடாது அல்லவா? இரண்டு மூங்கிலால் கிடாவை நெம்பிச் சாக்கில் ஏற்றி, சாக்கைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் கிடா ஓடிப்போன சங்கதி ஊருக்கே தெரியும் என்பதால், முன்ஜாக்கிரதையாகத் தகரக் கொட்டகை ஓரம் கம்பத்தில் கயிறு போட்டுக் கழுத்தில் கட்டினார்கள். வந்த விருந்தாளி பட்டினி கிடக்கக்கூடாது என்று ஒரு கட்டுப் புல்லையும் முன்னால் வைத்தார்கள். பிறகு கண்ணில் படாமல் இருக்க நாலு பேரும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

பல நாள் மூடிக் கிடந்த பனி அன்றைக்கென்று விலகி, மலை வெயில் சுள்ளென்று அடித்தது. தகரம் கொதித்தது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கிடாவின் கொம்பு வளைவதைப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாப் வரை இழுபட்ட முழங்கை எரிந்துகொண்டிருந்ததால் சொல்லவில்லை.

உச்சி சாய்ந்ததும் குழந்தைவேலு பொறுக்க முடியாமல் ஒரு கண்ணால் திரும்பிப் பார்த்தான். கம்பம் இருந்தது. புல் இருந்தது. கயிறு தரையில் வட்டமாகக் கிடந்தது. கிடா இல்லை. அது நின்ற இடத்தில் மண் கொஞ்சம் கறுத்து, எறும்பு மொய்த்தது.

"ஓடிப்போச்சு" என்று அழுதான்.

"முடிச்சு அப்படியே இருக்குடா. அவுக்காம எப்படி ஓடும்?" என்றார் லாசர்.

மாசிலாமணி கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். மஃப்ளரைக் கழற்றினார்.

"ஓடலை. இளைச்சிருக்கு."

"என்னது?"

"கழுத்து இளைச்சுக் கயிறு நழுவியிருக்கு. அப்புறம் கால் இளைச்சிருக்கு, உடம்பு இளைச்சிருக்கு. அவ்வளவு பெரிய கிடா, ஒரு மத்தியானத்துல மொத்த எடையையும் குறைச்சிருக்கு. பாரு, புல்லுல வாயே வைக்கல."

நாலு பேரும் அந்தக் கறுத்த மண்ணை மரியாதையோடு பார்த்தார்கள். குழந்தைவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கு இப்போது கிடாமேல் இருந்தது ஆசை இல்லை, பக்தி.

டாக்டர் கனகவல்லி வந்து இறங்கியபோது, தகரக் கொட்டகை ஓரம் நாலு பேரும் கழுத்தில் கயிற்றோடு, கைகளை ஊன்றி நாலு காலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கட்டுப் புல். வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க?" என்றார் டாக்டர்.

"எடையைக் குறைக்கறோமுங்க. கிடா சொல்லிக்கொடுத்த வழி" என்றார் லாசர்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. எனக்குக் கால் பக்கம் கொஞ்சம் கரைஞ்ச மாதிரி இருக்கு" என்றான் குழந்தைவேலு.

டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் பிச்சாண்டி முன்னால் நின்றார். அவன் முன்னால் இருந்த புல்லில் பாதியைக் காணோம். பிச்சாண்டி வாயை மூடிக்கொண்டு மெதுவாக எதையோ கரைத்துக்கொண்டிருந்தான்.

லாசர் கயிற்றோடு தலையைத் திருப்பிப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"கிடாவே வாயைக் கட்டி நின்னுச்சு. இவனால முடியலை பாருங்கம்மா."