வாகைக் கன்றும் ராஜா நடையும்

நெடுவேலி நாட்டு அரசவையில் என் வேலை, ராஜா சிரிக்க மறந்த நாட்களில் அதை அவருக்கு நினைவூட்டுவது. பெயர் இன்பக்கூத்தன். அறிவாளி என்று பேர் எடுத்திருந்தேன். அந்தப் பேரைப் பரப்பியவனும் பெரும்பாலும் நான்தான்.

ஒரு பங்குனியில் ராஜா செழியதரையர் தேர்த் திருவிழாவுக்காக அரண்மனையிலிருந்து சந்தை வரை வெறுங்காலோடு நடந்தார். நடுப்பகல். சாலையில் ஒரு மரம் கிடையாது. திரும்பி வந்ததும் இரண்டு கால்களையும் தண்ணீர் அண்டாவுக்குள் விட்டுக்கொண்டு, "இந்தச் சாலையில் நடக்கிற ஜனங்கள் தினமும் இப்படித்தான் வேகிறார்களா?" என்று கேட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "வாகை நட்டால் போச்சு, மன்னா. மரம் வளர்ப்பது என்ன பெரிய வித்தையா? அது பாட்டுக்கு வளரும்" என்றேன். அதுவரை நான் வளர்த்தது மீசை மட்டும். அதுவும் ஒரு பக்கம் சரியாக வரவில்லை.

மந்திரி அரங்கநம்பி இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். என் பேச்சுக்குச் சபை சிரிப்பது அவருக்குப் பிடிக்காது.

"கூத்தரே நடட்டும். அடுத்த பங்குனித் தேரன்று, நடுப்பகலில் ராஜா அந்தச் சாலையில் நடக்கும்போது, இவர் நட்ட மரத்தின் நிழல் ராஜா தலைமேல் விழ வேண்டும். விழாவிட்டால் இவர் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். சம்மதமா?"

சபை முழுக்க என்னைப் பார்த்தது. "சம்மதம்" என்றது என் வாய். என்னைக் கேட்கவில்லை.

ராஜாவின் மனமும் அங்கே இல்லை. ராணிக்கு அப்போதுதான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. "அப்படியே ஆகட்டும்" என்று தலையாட்டிவிட்டுத் தொட்டில் பக்கம் போய்விட்டார்.

வாகை விதைகளை ஊன்றினேன். ஒன்றும் முளைக்கவில்லை. தோல் கல் மாதிரி. வெந்நீரில் ஊறப்போட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அப்படி ஊறப்போட்டு முளைத்த கன்றுகளைச் சாலையோரம் நட்டு, ஆசை ஆசையாகக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பாதி அழுகிப்போயின. மிச்சத்துக்குத் தண்டை விட்டுத் தள்ளிப் பாத்தி கட்டி, மண் காய்ந்த பிறகே ஊற்றினேன். காற்றில் சாயாமல் மூங்கில் குச்சி நட்டுத் தளர்த்திக் கட்டினேன். அது பாட்டுக்கு வளரும் என்று சொன்ன ஆளை எங்காவது பார்த்தால் நானே உதைத்திருப்பேன்.

ஒரு காலையில் கன்றுகளுக்கு நடுவே ஆடுகள் நின்றன. பின்னால் கோலோடு ஆடு மேய்க்கும் மாயக்கா.

"மந்திரி வீட்டு ஆளு வந்து, இந்தப் பக்கம் மேய்ச்சா யாரும் கேக்க மாட்டாங்கன்னாரு, சாமி."

"இன்னைக்கு மேய்ஞ்சா உன் ஆட்டுக்கு ஒரு வாய்தான், மாயக்கா. விட்டுவச்சா கோடைதோறும் தழை, உதிர்ற நெத்துக்காய், படுத்து அசைபோட நிழல்."

அவள் யோசித்தாள். "அது வரைக்கும் நீங்க இந்த ஊர்ல இருப்பீங்களா? பங்குனியில தொரத்திருவாங்கன்னு பேசிக்கிறாங்களே."

"நான் போனாலும் மரம் இருக்கும்."

மறுநாள் அவளே முள் வெட்டிக் கொண்டுவந்து ஒவ்வொரு கன்றையும் சுற்றி வேலி வைத்தாள். நான் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னேன். "உங்களுக்காக இல்ல சாமி, ஆட்டுக்காக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த பங்குனி வந்தபோது, நன்றாக வந்த கன்றே என் நெஞ்சளவுதான் இருந்தது. மூட்டை கட்டினேன். நாட்டை விட்டுப் போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. சித்திரை வெயிலில் இவற்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது.

விடைபெற்றுக்கொள்ள அரண்மனைக்குப் போனேன். கூடத்தில் இளவரசர் நடை பழகிக்கொண்டிருந்தார். எதிரே ராஜா குந்தியிருந்து கைகளை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கூப்பிட்டதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ராணியிடம் தனியாக ஓர் உதவி கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மூட்டையை அவிழ்த்தேன்.

தேரன்று நடுப்பகலில் மந்திரியே ராஜாவைச் சாலைக்கு அழைத்து வந்தார். ஊரே திரண்டிருந்தது.

"பாருங்கள், மன்னா. நிழல் உங்கள் இடுப்புக்குக்கூட எட்டவில்லை. தலைக்கு எப்போது வருவது?" என்றார் மந்திரி.

ராஜா என்னை வருத்தத்தோடு பார்த்தார். ஒரு கன்றின் வேலியை மட்டும் நான் காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன். நான் கேட்டுக்கொண்டபடி ராணி குழந்தையைக் கொண்டுவந்து அதன் அடியில் இறக்கிவிட்டார். குழந்தை தகப்பனைப் பார்த்துச் சிரித்தது. தள்ளாடி ஓர் அடி வைத்தது. ராஜா சோதனையை மறந்து மண்ணில் குந்தினார்.

"வா ராஜா, வா. மெல்ல நட ராஜா."

குழந்தை நடந்தது. அதன் தலைமேல் வாகை நிழல்.

"மந்திரியாரே, இப்போது நடப்பது யார்?" என்று கேட்டேன்.

"இளவரசர்."

"மன்னர் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்?"

"குழந்தையை எல்லோரும்தான் ராஜா என்று கொஞ்சுவார்கள்" என்றார் மந்திரி.

"கொஞ்சட்டும். இந்த மரங்கள் சாலையை மூடுகிற காலத்தில் நிஜமாகவே ராஜாவாக இங்கே நடக்கப்போவது இவர்தானே? அவர் உயரத்துக்கு அளவெடுத்துத்தான் வளர்த்திருக்கிறேன். இனி இரண்டு பேரும் சேர்ந்தே வளரட்டும்."

ராஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "கூத்தன் எங்கேயும் போக வேண்டாம்" என்றார் மந்திரியிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "என் மகனுக்கு நிழல் தயார். மரங்கள் என் உயரத்துக்கு வளரும் வரை நான் இந்த வெயிலில் எப்படிச் சந்தைக்குப் போவது?"

"வெயில் அடிக்கிற பக்கமாக நான் நடந்து வருகிறேன், மன்னா" என்று என் வயிற்றைத் தட்டிக் காட்டினேன். "இத்தனை வருஷம் அரண்மனைச் சோறு போட்டு நீங்களே வளர்த்த மரம் இது. நிழல் தாராளமாக விழும்."

ராஜா சிரித்த சிரிப்பில் குழந்தையும் சிரித்தது. கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி எனக்குக் கொடுத்தார். என் கை அதற்குள் நுழையவில்லை. வாகைக் கன்றுகளுக்குக் கோடை முழுக்க அரண்மனைக் கிணற்றிலிருந்து தண்ணீர் விடச் சொன்னார். நிழல் குறைந்துவிடக் கூடாது என்று என் சாப்பாட்டிலும் ஒரு பிடி கூட்டச் சொன்னார்.