மீட்டர் இல்லாத வண்டி

"மாஸ்டர், நான் நாப்பதுலதான் போனேன்னு நீங்களாவது சொல்லுங்க. அவ நம்ப மாட்டேங்குறா."

கேட்டவர் கோதண்டபாணி. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்காரப் பிடிக்காமல், ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வண்டிகளின் வேகம் காட்டும் மீட்டர்களைப் பழுது பார்க்கும் கடையில் நாலு மாதமாகத் தொழில் படிக்கிறார்.

குரு ஜெரினா. வயது முப்பத்திரண்டு. இதில் யாருக்கு யார் மாஸ்டர் என்று கடைக்கு வருகிறவர்கள் குழம்புவார்கள். கோதண்டபாணி குழம்பியதில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து மனைவி தனபாக்கியம் விழுந்தாள். முழங்கால் சில்லு உடைந்தது. அப்புறம் அவள் அந்த வண்டியில் ஏறவே இல்லை.

வேகமாகப் போனீர்கள் என்றாள் அவள். முள் நாற்பதில்தான் இருந்தது என்றார் இவர். இந்த ஒரே சண்டை வீட்டையே ஊமையாக்கிவிட்டது. மனுஷன் தவித்துப்போனார். சாப்பிடும்போதுகூட அவர் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஜெரினா அந்த வண்டியின் மீட்டரைக் கழற்றிச் சோதனை மேஜையில் பொருத்தினாள். பக்கத்தில் ஒரு நல்ல மீட்டர். இரண்டையும் ஒரே வேகத்தில் சுழல விட்டாள்.

"நல்ல மீட்டர் எவ்வளவுண்ணே?"

"அறுபது."

"உங்களுது?"

"நாப்பது."

குரல் உள்ளே போய்விட்டது. ஆனால் அடுத்த நொடியே துள்ளினார்.

"பாத்தீங்களா மாஸ்டர்! தப்பு என்மேல இல்ல. மீட்டர் மேல!"

"உள்ள இருக்கிற காந்தம் சோர்ந்துபோச்சு. குறைச்சுக் காட்டுது."

"முள்ளைப் பிடுங்கி இருபது தள்ளிக் குத்திடலாமா? மீட்டரைச் சரி பண்ணியாச்சுன்னு இன்னிக்கே அவகிட்ட காட்டிடுவேன்."

"குத்தலாம். வண்டி நிக்கும்போதே இருபது காட்டும்."

அவசரக்காரத் தொழிலாளிகள் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

ஜெரினா சோதனை மேஜையின் மோட்டாரை அணைத்தாள்.

"அன்னிக்கு அக்கா என்ன சொன்னாங்க?"

"வேகமாப் போறீங்கன்னா."

"எத்தனை தடவை?"

அவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"மூணு தடவை."

"அவங்க எந்த மீட்டரைப் பாத்தாங்க?"

வெளியே ஒரு கண்டக்டர் 'பழனி, பழனி' என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஜெரினா அவருடைய மீட்டரை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

"மீட்டர் இல்லாம எப்படி ஓட்டுறது மாஸ்டர்?"

"அக்காவைக் கேளுங்க."

சுருக்கென்று கோபம் வந்தது அவருக்கு. முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவனிடம் சொல்கிற பேச்சா இது? வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். வீட்டில் போய்க் காந்தத்தின்மேல் பழியைப் போட வேண்டியதுதான் என்று தீர்மானம் செய்துகொண்டார்.

தனபாக்கியம் காய்கறிப் பையோடு வாசலில் நின்றிருந்தாள். வண்டியின் முன்னால் வட்டமாக ஒரு ஓட்டை தெரிந்தது.

"மீட்டர் எங்க?"

தயார் செய்துகொண்டு வந்த பேச்சு வாயில் வரவில்லை.

"அன்னிக்கு அறுபதுல போயிருக்கேன் பாக்கியம். நீ சொன்னதுதான் சரி."

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டாள். கண் கலங்கியது. அழவில்லை.

"மார்க்கெட்டுக்குத்தானே? ஏறு, கொண்டுபோய் விடறேன்."

"நான் நடந்து வரேன். நீங்க வண்டியைத் தள்ளிக்கிட்டு வாங்க."

தள்ளினார். அவள் காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். இவர் நாலடி முன்னால் போய்விடுவார். திரும்பிப் பார்த்து வண்டியைப் பின்னால் இழுப்பார். மறுபடியும் நாலடி. சட்டை நனைந்துவிட்டது. வேகமாக ஓட்டிய எந்த நாளிலும் அவருக்கு இவ்வளவு மூச்சு வாங்கியதில்லை.

ரேஷன் கடை திருப்பத்தில் அவளால் முடியவில்லை. பின் சீட்டில் கையை ஊன்றி நின்றாள். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரனை அலறவிட்டான்.

"போலாமா?" என்றார் அவர்.

"கொஞ்சம் இருங்க."



கோதண்டபாணி அவளோடு சேர்த்தே வண்டியை மெல்ல ஓரமாக உருட்டி, ஸ்டாண்டு போட்டார்.