மீட்பு வண்டிக்கு ஒரு மூச்சு

திம்பம் மலையடிவாரத்துப் பட்டறை ஒன்றில் முன்னொரு நாள் பெரிய டீசல் இன்ஜின் ஒன்று பிரிக்கப்பட்டுக் கிடந்தது. மலைப்பாதை வளைவுகளில் மாட்டிக்கொள்ளும் லாரிகளைக் கட்டி இழுக்கும் மீட்பு வண்டியின் இன்ஜின் அது. பதினாறு வருடம் இழுத்துவிட்டு, பிஸ்டன்கள் தேய்ந்து நின்றுபோயிருந்தது.

வண்டி தெய்வானையுடையது. ஓட்டுவதும் அவள்தான். மெக்கானிக் சவரிமுத்து சிலிண்டர்களைக் கடைந்து புதுப் பிஸ்டன்கள் போட்டு முடித்ததும் அவள் கேட்டாள்: "இனி இதுக்கு எவ்வளவு பலம் இருக்கும் சவரி?"

"உள்ள போற காத்தைப் பொறுத்ததுங்க்கா. காத்தைத் தள்ளுற டர்போ எதுன்னு சொல்லுங்க, கணக்குப் போட்டுடறேன்."

பலகைமேல் இரண்டு டர்போக்கள் இருந்தன. ஒன்று பூசணிக்காய் அளவு, பளபளவென்று. இன்னொன்று தேங்காய் அளவுதான். இருவரும் டீ குடிக்கப் போனதும் பெரிய டர்போ வாயைத் திறந்தது.

"என்னைப் போட்டா நீ முந்நூறு குதிரை பலம்."

இன்ஜினுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் புதுப் பிஸ்டன்கள், "எங்களால இருநூத்தம்பது தாங்க முடியும். அதுக்கு மேல எங்களுக்கே தெரியாது" என்றன.

"என்னைப் போட்டா இருநூறு தாண்டாது" என்றது சின்ன டர்போ. "ஆனா கூப்பிட்ட உடனே வந்துருவேன்."

இன்ஜினின் பக்கவாட்டில் அறைந்திருந்த பழைய தகடும் சும்மா இருக்கவில்லை. "என்மேல நூத்தி எண்பதுன்னுதான் எழுதியிருக்கு. அதுவும் நீ பொறந்த அன்னிக்கு எழுதினது."

இன்ஜினுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருடமும் லாரி வந்தது, இழுத்தது, அவ்வளவுதான். தான் எத்தனை குதிரை என்று யோசித்ததே இல்லை. இப்போது இந்த நாலில் தான் எது? நாலும் தானா? ஒன்றுமே இல்லையா?

சவரிமுத்து திரும்பி வந்து கணக்குப் போட்டான். "பெருசையே போட்டுடலாங்க்கா. முந்நூறு வரும், பிஸ்டனும் தாங்கிக்கும்." தெய்வானை சற்றுத் தயங்கினாள். பிறகு சரி என்றாள்.

சமவெளிச் சாலையில் வண்டி பறந்தது. "பாத்தியா?" என்று பெரிய டர்போ விசிலடித்தது. இன்ஜினும் நம்பிவிட்டது.

மறுநாள் ஒன்பதாவது வளைவில் மக்காச்சோள லோடு லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றது. அதன் டிரைவர் மாதப்பா ஸ்டியரிங்கைப் பிடித்து உள்ளேயே உட்கார்ந்திருந்தார். தெய்வானை சங்கிலியைக் கட்டி, வண்டியில் ஏறி, மெதுவாகக் கிளச்சை விட்டாள்.

சுமை மொத்தமும் இன்ஜின்மேல் சாய்ந்தது. "காத்து! காத்து குடு!" என்று அது கத்தியது.

"இன்னும் வேகமா சுத்து, குடுக்கறேன்" என்றது டர்போ.

"நீ காத்து குடுத்தாத்தானே நான் சுத்த முடியும்?"

"நீ சுத்திப் புகையைத் தள்ளினாத்தானே நான் சுத்திக் காத்து குடுக்க முடியும்?"

யார் முதலில் என்று இரண்டுக்கும் தெரியவில்லை. கரும்புகை கக்கிவிட்டு இன்ஜின் அணைந்தது. தெய்வானை பிரேக்கின்மேல் ஏறி நின்றும் இரண்டு வண்டிகளும் பின்னால் சறுக்கின. லாரியின் பின்பக்கம் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. அதற்கு அப்பால் பள்ளம். மாதப்பா கீழே குதித்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முந்நூறுன்னது பொய்யா?" என்று இன்ஜின் கேட்டது.

"பொய் இல்ல" என்றது பெரிய டர்போ. அதன் குரல் இறங்கியிருந்தது. "அது மேல, வேகமான சுத்துல இருக்கு. நீ அங்க வரவே இல்ல."

இன்ஜின் இன்னும் குழம்பியது. அதற்குள்ளேயே, பிஸ்டன்களின் உதையைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிரேங்க்ஷாஃப்ட் ஒன்று சுற்றிக்கொண்டிருந்ததே, அதை இதுவரை எதுவும் கேட்டதில்லை. "இத்தனை வருஷமா நாம என்னதான் செஞ்சோம்?" என்று இப்போது கேட்டது.

"நிமிஷத்துக்கு ஆயிரத்து இருநூறு சுத்து" என்றது கிரேங்க்ஷாஃப்ட். "சுமையோட அதுக்கு மேல நான் போனதே இல்ல. பலம் எப்பவும் கீழதான் வேண்டியிருந்துச்சு."

பட்டறைக்குத் திரும்பியதும் தெய்வானை சங்கிலியைத் தரையில் போட்டாள். "உச்சியில இருக்கிற பலத்தை வெச்சு நான் என்ன பண்றது சவரி? கிளச்சை விடறேன் பாரு, அந்த நொடியில வேணும்."

சவரிமுத்து கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தான். "கணக்குல தப்பு இல்லைங்க்கா" என்றான் கடைசியில். "நீங்க எங்க நின்னு இழுக்கறீங்கன்னு நான் கேக்காமப் போயிட்டேன்."

சின்ன டர்போ ஏறியது. குறைந்துபோனோமா, சரியானோமா என்று இன்ஜினுக்குத் தெரியவில்லை. அந்தக் கலக்கத்தோடுதான் அடுத்த வாரம் மலை ஏறியது. இருபதாவது வளைவில் புத்தம் புது டேங்கர் லாரி ஒன்று ஏற முடியாமல் நின்றிருந்தது. சங்கிலி இறுகியது. இன்ஜின் கூப்பிடுவதற்குள் காற்று வந்துவிட்டது. டேங்கர் அசைந்தது, நகர்ந்தது, ஏறத் தொடங்கியது.

பின்னாலிருந்து டேங்கரின் இன்ஜின் சலித்துக்கொண்டது. "நான் முந்நூத்தி அறுபது குதிரை, தெரியுமா? நீ என்ன இப்படி ஊர்ந்து போற?"

"பின்னால நீ இருக்கியே" என்றது இன்ஜின்.